வீட்டில் வந்த கேள்வி

என் கேள்வியை என் வீட்டுக்காரர் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டார். கழுத்தில் கிடக்கிற சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருந்தால்கூட நாலு நாள் கத்தித் தீர்த்துவிட்டு விட்டிருப்பேன். சங்கிலி வேறு வாங்கிக்கொள்ளலாம். கேள்வியை எந்தக் கடையில் போய் வாங்குவது?

பொறாமையா என்று கேட்டால், ஆமாம், பொறாமைதான். வயிறு பற்றி எரிகிறது. அதை மூடி மறைத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரிப் பேச எனக்கு வராது.

சிவகாசியில் எங்களுக்கு ஒரு பிரஸ் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்போம். சீசன் முடிந்தால் காலண்டர், நடுவில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ். மிஷினும் ஆர்டரும் அவர் பொறுப்பு. மேட்டர் திருத்துவதும் கலர் பார்ப்பதும் என் பொறுப்பு. வாசல் போர்டில் ராஜபாண்டியன் என்று அவர் பேர் இருக்கிறது, தெருமுனையிலிருந்தே தெரிகிற எழுத்தில். என் பேர் எங்கேயும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே கிடையாது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. என் பேர் செல்லக்கனி. என் மாமியார் பேரும் செல்லக்கனி. பெற்ற தாயின் பேரைச் சொல்லிப் பெண்டாட்டியை எப்படி அதட்டுவது என்று கல்யாணமான அன்றே அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஆரம்பத்தில் 'இந்தா', 'இங்க பாரு'. மகள் ஐஸ்வர்யா பிறந்த பிறகு 'ஐசு அம்மா'. வெளியாட்களிடம் பேசினால் 'வீட்டுல'. 'வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்', 'வீட்டுல ஊருக்குப் போயிருக்காக', இப்படி. மாமியார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. மாலை போட்ட படத்துக்குள் போகும்போது அந்த அம்மாள் என் பேரையும் கையோடு கொண்டுபோய்விட்டது. நானும் அவர் பேரைச் சொல்வதில்லைதான். அது வேறு. அவர் பேரைச் சொல்வதற்கு ஊர் இருக்கிறது.

சரி, கேள்விக்கு வருகிறேன். எங்கள் தலைதீபாவளி விருதுநகரில், என் அப்பா வீட்டில் நடந்தது. அப்பாவுக்குக் கொத்தமல்லி விதை, மிளகாய் வத்தல் மூட்டைகளுக்குக் கமிஷன் கடை. சிவகாசி மாப்பிள்ளை ஆயிற்றே, பெட்டி பெட்டியாகப் பட்டாசு கொண்டுவந்து தெருவையே கிடுகிடுக்க வைத்துவிட்டார். எல்லாம் ஓய்ந்த பிறகு நான் விளக்குமாற்றை எடுத்து வாசலைக் கூட்டினேன். சிவப்புக் காகிதமாகக் குவிந்தது. ஆனாலும் கொண்டுவந்த பெட்டிகளுக்கு அது ஈடாகத் தெரியவில்லை. "இம்புட்டு வெடிச்சோமே, எல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன். யாரிடம் என்றில்லாமல் கேட்டதுதான். அவர் சிரித்துக்கொண்டே, வெடித்துப் போயிற்று என்றார். போயிற்று என்றால் எங்கே என்று கேட்டேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்சமிருந்த சரவெடியில் ஒன்றைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தார். பிறகு முற்றத்தைக் கழுவித் துடைத்து அங்கே வைத்து வெடித்தோம். சிதறினதை ஒரு துண்டு விடாமல் நான் பொறுக்கினேன். மறுபடி நிறுத்தால் பாதிக்குப் பாதி காணவில்லை. புகையாகப் போயிருக்கும் என்றார். புகை எங்கே போயிற்று என்றேன். காற்றோடு. காற்று எங்கே போகும்? எங்கேயும் போகாது, இங்கேதான் இருக்கும் என்று சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். அப்படியென்றால் எதுவுமே போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது என்று அவரே சொல்லி அவரே வாயைப் பிளந்தார். மூக்கில் கரி ஒட்டியிருந்தது. அதுவரைக்கும் வீட்டில் பார்த்து வைத்த மாப்பிள்ளை, அவ்வளவுதான். அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது.

அன்று பிடித்த கிறுக்கு அவரை விடவேயில்லை. லைப்ரரியில் இருந்து புத்தகம் எடுத்து வருவார். பிறகு போன் வந்தது, வீடியோ வந்தது. சாயங்காலம் மிஷினில் அச்சுப் பிளேட் மாற்றுகிற நேரத்தில் ஆளுக்கொரு டீயோடு உட்கார்ந்தால், சூரியனுக்கு வயசு எவ்வளவு, நட்சத்திரம் எப்படிச் சாகும் என்று ஆரம்பித்துவிடுவார். நான் குறுக்கே குறுக்கே கேட்பேன். பதில் தெரியாவிட்டால் அடுத்த நாள் தேடிக்கொண்டு வருவார். மற்ற புருஷன் பெண்டாட்டி என்ன பேசிக்கொள்வார்களோ எனக்குத் தெரியாது. நாங்கள் இதைத்தான் பேசினோம்.

கருந்துளையின் படத்தை முதல்முதலாக வெளியிட்டார்களே, அன்றைக்கு மிஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்து காட்டினார். நடுவில் கறுப்பு, சுற்றி ஆரஞ்சு வளையம். அணையப்போகிற தரைச்சக்கரம் மாதிரி இருக்கிறது என்றேன். அதற்குள்ளே போனால் வெளிச்சம்கூடத் திரும்பாதாம். எது விழுந்தாலும் வெளியே இருந்து பார்த்தால் மூன்றே சங்கதிதான் தெரியுமாம். எடை, சுற்று, மின்சாரம். மற்றது எதுவும் தெரியாதாம். "அப்ப எங்கப்பா கடை மல்லி மூட்டையப் போட்டாலும், வத்தல் மூட்டையப் போட்டாலும் வெளிய ஒண்ணுதானா?" என்றேன். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அதே, அதே என்றார். எனக்கு அந்த 'அதே' போதும். வேறென்ன கேட்டேன் நான்?

இப்படி இருந்த மனுஷன்தான் போன வருஷம் விருதுநகரில் ஒரு குழுவில் சேர்ந்தார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு லைப்ரரி மாடியில் கூடி வானத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள். மளிகைக்கடைக்காரர், ரிட்டயர்டு ஆன தாசில்தார், ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர் என்று பல தினுசு. தலைவி, காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிற அருணாதேவி மேடம்.

நல்லதுதானே என்று நானும் நினைத்தேன். முதல் கூட்டத்துக்கு நானே சட்டையை இஸ்திரி போட்டு அனுப்பினேன். என் புத்தியை என்ன சொல்ல.

பிறகுதான் தெரிந்தது. அங்கே எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டு வருகிறார். எனக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. டீயோடு உட்கார்ந்தால் கையில் போன். குழுவில் யாரோ ஏதோ போட்டிருக்கிறார்கள், இவர் அதற்கு எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன என்று கேட்டால், "மேடம் ஒண்ணு சொல்லியிருக்காக" என்பார். என்ன சொன்னார்கள் என்றால், அது பெரிய கதை, அப்புறம் சொல்கிறேன் என்பார். அந்த அப்புறம் வந்ததே கிடையாது. திரும்பி வரும்போது எண்ணெய்ப் பரோட்டா பார்சல் மட்டும் தவறாமல் வரும். பேச்சுக்குப் பதிலாகப் பரோட்டா. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல்.

எங்கள் பிரஸ்ஸில் கட்டிங் பார்க்கிற பாண்டிலட்சுமி வேறு சும்மா இருக்க மாட்டாள். "அண்ணாச்சி ஞாயித்துக்கிழமைன்னா மொகத்துக்குப் பவுடர் போட்டுல்ல போறாக" என்று ஒருநாள் எடுத்துவிட்டாள். அவர் பவுடர் போடுகிறவர் இல்லை, அது ஈர மை ஒட்டாமலிருக்க லேபிளில் தூவுகிற பவுடர், சட்டையில் எப்போதும் ஒட்டியிருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரிச் சோற்றில் கை வைக்கப் பிடிக்கவில்லை. அவர் மேல் அப்படி ஒரு சந்தேகம் எனக்குக் கிடையாது. பெண் விஷயத்தில் அவர் தங்கம். ஆனால் ஒன்று சொல்கிறேன். தப்பாக நடந்திருந்தால் சண்டை போட ஒரு வழி இருந்திருக்கும். பேச்சைக் கொண்டுபோய் இன்னொருத்தியிடம் கொட்டுகிறார் என்று யாரிடம் போய்ப் பிராது கொடுப்பது?

இந்தக் கடுப்பில் நான் இருக்கும்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. குழு ஆரம்பித்து ஒரு வருஷம் ஆனதற்குச் சிறப்புக் கூட்டம். நோட்டீஸ் எங்கள் பிரஸ்ஸில்தான் அடிக்க வேண்டும் என்று செயலாளர் மேட்டரை அனுப்பியிருந்தார். வழக்கம்போல் திருத்த என் மேஜைக்கு வந்தது. கறுப்புப் பின்னணி, நடுவில் அந்த ஆரஞ்சு வளையம், மேலே வெள்ளை எழுத்து:

'வெடித்தது எங்கே போகிறது? பேராசிரியர் அருணாதேவி எழுப்பிய கேள்விக்கு அன்பர் ராஜபாண்டியன் விளக்கம்.'

என் வாசல், என் விளக்குமாறு, என் அப்பா கடைத் தராசு. இவள் எங்கே எழுப்பினாள்? எந்தத் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்தாள்?

மேட்டரை எடுத்துக்கொண்டு நேராக மிஷின் பக்கம் போனேன். இது யார் கேட்ட கேள்வி என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. மையைத் துடைக்கிற துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு கதை மெல்ல வந்தது. ஒரு கூட்டத்தில் இவர் அந்தக் கேள்வியைச் சொல்லியிருக்கிறார். 'இது வீட்டுல வந்த கேள்வி' என்றுதான் சொன்னாராம். அவர்களோ இவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்தது என்று எடுத்துக்கொண்டார்களாம். பிறகு மேடம் அதையே குழுவில் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்களாம். செயலாளர் மேடம் கேட்டதாகவே எழுதிவிட்டாராம்.

"திருத்த வேண்டியதுதான?" என்றேன்.

"என்னன்னு சொல்லித் திருத்த? எம் பொண்டாட்டி தெருக் கூட்டும்போது கேட்டான்னா? படிச்சவுக கூடுற எடம். சிரிக்க மாட்டாகளா?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூச்ச சுபாவம். எனக்கு அதுவும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? படிச்சவுக கூடுற இடத்துக்கு என் கேள்வி போகலாம், நான் போகக் கூடாது. நானும் பி.காம். படித்தவள்தான் என்று அப்போது ஞாபகம் வந்தது. வாயில் வரவில்லை.

ஒரு வரியை மாற்றுவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. கம்ப்யூட்டர் என் மேஜையில்தான் இருக்கிறது. ஆனால் பார்ட்டி கொடுத்த மேட்டரில் கேட்காமல் கை வைப்பது எங்கள் தொழிலில் கிடையாது. பிழை இருந்தால் திருத்தலாம். இது பிழைதான், ஆனால் எழுத்துப் பிழை இல்லையே. அப்படியே பிளேட்டுக்கு அனுப்பினேன்.

அதிலும் ஒரு கூத்து. கறுப்பு மையை மட்டும் ஓட்டினால் கறுப்பாக விழாது, சாம்பல் அடித்துப் போகும். அடியில் நீலம் கொடுத்து அதன் மேல் கறுப்பு ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஆழம் வரும். இவள் நோட்டீசுக்கு என்ன ஆழம் வேண்டிக்கிடக்கிறது, சாம்பலாகவே போகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முடியவில்லை. நீலத்தைப் போடச் சொன்னேன். நோட்டீஸ் கிணறு மாதிரி கறுத்து வந்தது. அதில் அருணாதேவி பேர் பளிச்சென்று எழுந்து நின்றது. இத்தனைக்கும் அந்த எழுத்து இருந்த இடத்தில் மையே கிடையாது, வெறும் தாள். சுற்றிலும் கறுப்பைப் போட்டு அவள் பேரைத் தூக்கிக் காட்டியவள் நான்.

கூட்டத்தன்று காலையில் நானும் சேலை மாற்றிக்கொண்டு வண்டியருகில் போய் நின்றேன். எங்கே என்றார். உங்கள் பேச்சைக் கேட்கத்தான் என்றேன். அங்கே முழுக்க சயின்ஸாக இருக்கும், உனக்குப் போரடிக்கும் என்று இழுத்தார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி ஆமத்தூர் தாண்டியது. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே ஒரு முடிவு கிடையாது. அவளைப் பார்க்க வேண்டும். என் கேள்வியை அவள் எப்படி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

பார்த்தேன். அங்கேயும் ஏமாற்றம்தான். நான் மனசில் என்னென்னவோ போட்டு வைத்திருந்தேன். அருணாதேவி என் வயசுக்காரி. முன்நெற்றியில் நரை, நிறம் மங்கின காட்டன் சேலை, ஜலதோஷம் வேறு. கைக்குட்டையும் கையுமாக வந்தவர்களுக்கெல்லாம் தானே நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து யார் என்னவென்று கேட்காமலே, ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள் என்றாள். கொஞ்சம் மினுக்கிக்கொண்டு திரிந்திருந்தால் வெறுக்க வசதியாக இருந்திருக்கும். நான் ஃபேனுக்குக் கீழே உட்காரவில்லை. கடைசி வரிசையில் போய் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்தேன்.

அவர் பேசினார். நன்றாகத்தான் பேசினார், பாவி மனுஷன். மைக்கைப் பிடித்ததும் கூச்சமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "எங்க மாமனார் கடைத் தராசுல நான் ஒரு சரவெடிய நிறுத்துப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். சிதறினதைப் பொறுக்கினது யார், முற்றத்தைக் கழுவினது யார் என்பதெல்லாம் அதில் இல்லை. கடை இருந்தது, தராசு இருந்தது, மாமனார் இருந்தார். மாமனாருக்கு ஒரு மகள் இருந்ததாகவே தெரியவில்லை. பொருள் அழியாது, உருவம் மாறும், பொருள் சக்தியாகும், சக்தி பொருளாகும், மொத்தக் கணக்கில் குறையாது என்று போர்டில் எழுதிக் காட்டினார். முன்வரிசையில் அருணாதேவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். அந்தத் தலையாட்டல் என்னுடையது. டீ நேரத்தில் நான் ஆட்டுகிற தலை அது.

அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கருந்துளைக்கு வந்தார். வெளியே மூன்று சங்கதிதான் தெரியும் என்று விளக்கிவிட்டு, "நம்ம ஊருக்கேத்த மாதிரிச் சொன்னா, மல்லி மூட்டையப் போட்டாலும் ஒண்ணுதான், வத்தல் மூட்டையப் போட்டாலும் ஒண்ணுதான்" என்றார்.

மாடி முழுக்கச் சிரித்தது. அருணாதேவி திரும்பிப் பக்கத்தில் இருந்தவரிடம், எவ்வளவு அழகான உதாரணம் என்றாள்.

அதையும் கொடுத்துவிட்டார். கேள்வியைக் கொடுத்தவர் மூட்டையையும் தூக்கிக் கொடுத்துவிட்டார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. யாருக்காவது சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று செயலாளர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நின்றேன்.

"எடை கொறையலங்கிறீக. சரி. சரக்கு அழியலங்கிறீக. அதுவும் சரி" என்றேன். குரல் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன். "எங்கப்பா கமிஷன் கடை வச்சிருந்தாக. வார ஒவ்வொரு மூட்டையிலயும் மார்க்கா போட்டிருக்கும். மல்லியா வத்தலா, எந்தக் காட்டுல வெளஞ்சது, யாரு அனுப்புனது, எல்லாம் அந்த மார்க்காவப் பாத்தாத் தெரியும். மூட்டை அந்தத் துளைக்குள்ள போயிருச்சு. எடை இருக்கு. மார்க்கா எங்க போச்சு? சரக்கு அழியக் கூடாதுன்னா, அது யாரு சரக்குங்கிற சங்கதி மட்டும் அழியலாமா?"

நான் கேட்டது அவரிடம். வானத்தைப் பற்றி இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் செத்துப்போயிற்று. ஆனால் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

அருணாதேவி எழுந்துவிட்டாள். ஜலதோஷக் குரலில் அவளுக்கு வார்த்தை முண்டியடித்துக்கொண்டு வந்தது. இதுதான், இதுதான் கேள்வி என்றாள். உலகத்தில் பெரிய பெரிய தலைகள் எல்லாம் வருஷக்கணக்காக இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள், உள்ளே போனதைப் பற்றிய தகவல் அழியுமா அழியாதா என்று. அழியாது என்றுதான் இப்போது பலரும் நினைக்கிறார்கள், ஆனால் எப்படி வெளியே வருகிறது என்று இன்னும் முழுசாக யாருக்கும் தெரியாது. இவ்வளவையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மூட்டையில் போட்ட மார்க்கா என்று இத்தனை வருஷத்தில் தனக்குத் தோன்றவேயில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க பேர் என்ன?" என்று கேட்டாள்.

எனக்கு என் பேரைச் சொல்லத் தெரியாதா? வாய்வரைக்கும் வந்தது. ஆனால் நான் சொல்வதாக இல்லை. "அவுககிட்டக் கேளுங்க" என்று மேடைப் பக்கம் கையைக் காட்டினேன்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். மைக்கை வாயருகில் கொண்டுபோய், "இது... நம்ம வீட்டுல" என்றார்.

மாடி முழுக்கச் சந்தோஷமாகச் சிரித்தது. அப்படியா, அப்படியா என்று தலைகள் திரும்பின. தாசில்தார் எனக்குக் கும்பிடு போட்டார். என் வீட்டுக்காரருக்கும் பெரிய கண்டத்திலிருந்து தப்பித்த சிரிப்பு. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுல. நான் உட்காரவில்லை.

சிரிக்காமல் இருந்தது அருணாதேவி மட்டும்தான். கையில் இருந்த நோட்டீஸைப் பிரித்துப் பார்த்தாள். அப்போதுதான் சரியாகப் படிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

"சார், அன்னைக்கு வீட்டுல வந்த கேள்வின்னு சொன்னீங்களே, வெடிச்சது எங்க போகுதுன்னு. அது இவங்க கேட்டதா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப இதுல எதுக்கு என் பேர் இருக்கு?" என்றாள். அவள் முகம் சிவந்துவிட்டது. பிறகு அவரைப் பார்த்துப் பொறுமையாகக் கேட்டாள். "சரி சார். வீட்டுக்குப் பேர் இருக்கும்ல?"

அதையும் அவளே கேட்டாள். அந்த ஒரு கேள்வி, என் ஆயுசு முழுக்க என் தொண்டைக்குள் கிடந்த கேள்வி, அதையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா? எனக்கு அவள் மேல் நன்றி வர வேண்டும். வரவில்லை. அந்த நிமிஷத்தில்தான் அவள் மேல் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகப் பொறாமை வந்தது.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மைக்கைப் பார்த்தார். கீழே வைத்துவிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அதில் சொன்னார்.

"செல்லக்கனி."

மைக்கில் சத்தம் அதிகமாக வைத்திருந்தார்கள். என் பேர் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அவர் குரலில் என் பேர் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். கொஞ்சம் திக்கினார். ஒன்றும் ஆகிவிடவில்லை. மாமியார் வந்து கோபித்துக்கொள்ளவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அருணாதேவி மைக்கை வாங்கி, நோட்டீஸில் தவறு நேர்ந்துவிட்டது, கேள்வி செல்லக்கனி அம்மாளுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டாள். தவறு அவளுடையது இல்லை, ஆனாலும் கேட்டாள். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்றாள். வாரேன் என்றேன். ஜலதோஷத்துக்குச் சுக்கு வைத்துக் குடியுங்கள் என்றும் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

திரும்பும்போது அவர் பரோட்டா வாங்கவில்லை. நடு மத்தியானம், ரோடு கொதித்தது. நான் வண்டியில் பக்கவாட்டில் உட்கார்ந்து கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கொஞ்ச தூரம் வந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"அதான் பேரச் சொல்லிட்டேன்ல. இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"நீங்களாச் சொல்லல. அவ கேட்டான்னு சொன்னீக" என்றேன்.

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். வழியில் ரயில்வே கேட்டைப் போட்டிருந்தார்கள். லோடு லாரி ஒன்றும் வேன் ஒன்றும் எங்களுக்கு முன்னால் நின்றன. அவர் இஞ்சினை அணைத்தார். ரயில் வருகிற வழியாகத் தெரியவில்லை. வேன் டிரைவர் இறங்கி நின்று பீடி பற்றவைத்தான்.

"செல்லக்கனி" என்றார்.

யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. அவர் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி நேரே கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"இப்ப யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல" என்றார்.

ரயில் வந்து போயிற்று. கேட்டைத் தூக்கினார்கள். நான் அவர் தோளில் கையை வைத்துக்கொண்டேன், வண்டி தண்டவாளத்தில் ஏறி இறங்கியது.